பியூஜோ 205 ஜிடிஐ: பழைய ஹாட் ஹேட்ச் ஒன்றை வீட்டிலேயே சீரமைத்தல்

பிரான்சின் பியூஜோ நிறுவனம் 1984-இல் தன் சிறிய 205 காரின் வேகமான வடிவமாக, அதாவது ‘ஹாட் ஹேட்ச்’ ஆக, ஜிடிஐ-யை வெளியிட்டபோது, அதன் 1580 சிசி எஞ்சின் (1.6 வகை) 105 குதிரைத்திறனைத்தான் தந்தது. 1986-இல் அது 115 ஆனது; பின்னர் 1905 சிசி எஞ்சினுடன் 130 குதிரைத்திறன் கொண்ட 1.9 வகையும் சேர்ந்தது. இன்றைய கார்களோடு ஒப்பிட்டால் இவை பெரிய எண்கள் அல்ல. ஆனால் 900 கிலோவை ஒட்டிய எடையும், சாலையின் ஒவ்வொரு அசைவையும் கைக்குத் தெரிவிக்கும் ஸ்டீயரிங்கும், வளைவில் காரோடு சேர்ந்து திரும்பும் பின் அச்சும் ஒன்றுகூடியதால்தான் ஐரோப்பாவில் இந்தக் காரை இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆகவே இதைச் சீரமைக்க முனைபவர் குதிரைத்திறனைக் கூட்டுவதை நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. புதிதாக இருந்தபோது இருந்த இறுக்கத்தையும் துல்லியத்தையும் மீட்டுக் கொடுத்தால் போதும். மற்றது தானாக வரும்.

தயாரிப்பு 1994-இல் நின்றுவிட்டதால், எந்த 205 ஜிடிஐ-யை எடுத்தாலும் அதற்கு முப்பது வயது கடந்திருக்கும். பிரான்சில் முப்பது ஆண்டு கடந்த வண்டியைச் சேகரிப்பு வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிந்தால் கட்டாயத் தொழில்நுட்பச் சோதனை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். அந்தச் சலுகையை நம்பி ஐந்து ஆண்டுகள் காரின் அடியில் எட்டிப்பார்க்காமல் இருப்பவர்களும் உண்டு. சோதனைக்கு இடையிலான காலம் நீளும்போது பொறுப்பு முழுவதும் உரிமையாளர் தலையில் வருகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வாங்கும்போது

ஓடோமீட்டர் காட்டும் எண்ணைவிட ரசீதுகளை நம்புங்கள். டைமிங் பெல்ட் (வால்வுகளை பிஸ்டன்களோடு இசைந்து இயங்கவைக்கும் பட்டை) எப்போது மாற்றப்பட்டது, பின் அச்சு பழுது பார்க்கப்பட்டதா, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கடைசியாக எந்த ஆண்டு மாற்றப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை கிடைத்தால், அந்த வண்டியை வைத்திருந்தவர் அதைக் கவனித்திருக்கிறார் என்று கொள்ளலாம். விடை இல்லையென்றால் மூன்றும் செய்யப்படவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

துரு விஷயத்தில் 205 அதன் காலத்துக் கார்களில் மோசமானதல்ல. ஆனாலும் கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டம், ஜாக்கி வைக்கும் இடங்கள், எரிபொருள் நிரப்பும் குழாயைச் சுற்றிய தகடு, பேட்டரித் தட்டு, பின்கதவின் கண்ணாடி ஓரம், சக்கர வளைவுகளின் பிளாஸ்டிக் விளிம்புகளுக்கு அடியில் மறைந்திருக்கும் தகடு ஆகியவற்றைக் கையால் தடவியும் திருப்புளியின் கைப்பிடியால் தட்டியும் பார்க்க வேண்டும். சிவப்புக் கார்ப்பெட்டை ஒரு மூலையில் தூக்கிப் பார்க்கத் தயங்க வேண்டாம். அது ஈரமாக இருந்தால் சன்ரூஃப் வடிகுழாயோ, முன்கண்ணாடிக்குக் கீழுள்ள தடுப்புச் சுவரோ, ஹீட்டர் குழாயோ கசிகிறது என்று பொருள்; தரைத்தகடு மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

உடைந்த டாஷ்போர்டையும் கிழிந்த இருக்கைத் துணியையும் அற்பமாக நினைக்காதீர்கள். எஞ்சின் உதிரிபாகங்கள் ஓரளவு எளிதாகக் கிடைக்கின்றன. நல்ல நிலையிலுள்ள உட்புறப் பிளாஸ்டிக்கும் அசல் இருக்கைத் துணியும் கிடைப்பது அரிது. இயந்திரம் தேய்ந்து, உட்புறம் முழுமையாக இருக்கும் வண்டியே வீட்டில் வேலை செய்பவருக்கு ஏற்றது.

முதல் வேலை பிரேக்

வண்டி வீட்டுக்கு வந்ததும் எஞ்சினைத் தொட எழும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். சமதளமான தரை, நல்ல ஜாக்கி, நான்கு தாங்கு ஸ்டாண்டுகள், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்), மல்டிமீட்டர் (மின் அளவி) ஆகியவை இல்லாமல் தொடங்கக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது.

1.6 வகையில் முன்னால் டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் இருக்கும், 1.9-இல் நான்கும் டிஸ்க். டிரம்மைக் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பிரான்ஸ் ஆஸ்பெஸ்டாஸைத் தடைசெய்தது 1997-இல், பிரிட்டன் 1999-இல். இந்தக் கார்கள் அதற்கு முந்தியவை என்பதால், பழைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டுகளிலும் (இரு பாகங்களுக்கு இடையிலான அடைப்புத் தகடுகள்) அது இருக்கலாம் என்றே கருதி, தூசியைக் காற்றடித்து ஊதாமல், முகக்கவசம் அணிந்து, ஈரப்படுத்தித் துணியால் துடைத்து, அந்தத் துணியை மூடிய பையில் அகற்ற வேண்டும்.

டிஸ்க்கைப் பிடித்து அழுத்தும் காலிப்பரின் சறுக்கும் பின்களைச் சுத்தம் செய்து உரிய கிரீஸ் தடவுங்கள். ரப்பர் பிரேக் குழாய்களின் வயது தெரியாவிட்டால் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பின்சக்கரத்துக்குச் செல்லும் இரும்புக் குழாய்கள் காரின் அடியிலும் பின் அச்சுக்கு மேலேயும் கண்ணுக்குப் படாத இடங்களில் துருப்பிடிக்கும். அவற்றுக்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் கலவைக் குழாய்களைப் போடுவது நல்லது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதால் டாட் 4 வகையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுமையாக மாற்ற வேண்டும். பிரேக் வேலையை முதல்முறையாகச் செய்பவர் சாலையில் இறங்குவதற்கு முன் அனுபவமுள்ள ஒருவரை அழைத்துச் சரிபார்க்கச் செய்வதே முறை.

பின் அச்சு

இந்தக் காரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகள் கெட்டுப்போவதும் இங்கேதான். குறுக்கே செல்லும் ஒரு கெட்டியான குழாயின் இரு முனைகளிலும் பின்சக்கரக் கைகள் நீடில் பேரிங்குகளின் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்குகள்) மேல் சுழல்கின்றன; சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகள் எடையைத் தாங்குகின்றன; ஷாக் அப்சார்பர்கள் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கும். சீல்கள் தளர்ந்து தண்ணீர் உள்ளே நுழைந்ததும் கிரீஸ் கழுவப்பட்டு, பேரிங்கின் ஊசி உருளைகள் துருப்பிடித்து, சுழலும் தண்டையே அரித்துவிடுகின்றன. வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

சோதிப்பது எளிது. சமதளத்தில் நிறுத்திப் பின்னாலிருந்து பாருங்கள். சக்கரங்களின் மேல்பகுதி வெளிப்படையாக உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் பேரிங் போய்விட்டது. வண்டியின் பின்பகுதியை அழுத்தி விடும்போது கிறீச்சென்ற ஒலி கேட்டாலும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தாலும் அதுவே காரணம். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் சக்கரத்தின் மையத்தில் மட்டும் இருந்தால் அது சக்கர பேரிங். சக்கரக் கையே குழாயை விட்டு அசைந்தால் அச்சு வேலை செய்தாக வேண்டும்.

ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் புதிய பேரிங், புதிய சீல், நிறைய கிரீஸ் ஆகியவற்றோடு முடிந்துவிடும். தண்டில் ஊசிகளின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தால் புதிய பேரிங் போடுவது வீண். தண்டையும் மாற்ற வேண்டும். முறுக்குக் கம்பிகளைக் கழற்றுவதற்கு முன் அவை பற்களோடு பொருந்தியிருக்கும் இடத்தைப் பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள். இடது வலது கம்பிகளை மாற்றிப் போடக் கூடாது. திரும்பப் பூட்டும்போது ஷாக் அப்சார்பர் இருக்க வேண்டிய இடத்தில், கையேட்டில் குறித்துள்ள நீளத்துக்கு ஒரு கம்பியைப் பொருத்தி உயரத்தை நிர்ணயித்த பிறகே முறுக்குக் கம்பியைச் செருக வேண்டும். பல ஆண்டுகளாக இறுகித் துருப்பிடித்த கம்பியைத் தட்டி இழுத்து எடுப்பது பெரும்பாடு. அது நிச்சயம் வீட்டில் முடியும் என்று யாருக்கும் வாக்களிக்க மாட்டேன். எனவே அச்சை முழுமையாக இறக்கி, நிபுணர்கள் புதுப்பித்த அச்சைப் பழையதற்கு மாற்றாக வாங்கிப் பூட்டுவதே பெரும்பாலானோருக்குச் சிக்கனமான வழி. இறக்கும்போதே அச்சை உடலோடு இணைக்கும் ரப்பர்களையும் மேலே செல்லும் பிரேக் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். அந்த இடத்துக்கு மறுபடி எளிதாகக் கை போகாது.

வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால் இந்தக் காரின் வால் வெளியே வீசும். இது பழுதல்ல, இயல்பு. ஆனால் தேய்ந்த அச்சும் பழைய டயரும் சேர்ந்தால் அந்த இயல்பு ஆபத்தாகிவிடும். 1.6-க்கு 185/60 ஆர்14, 1.9-க்கு 185/55 ஆர்15 என்ற அசல் அளவை விட்டு விலக வேண்டாம். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். கோடுகள் ஆழமாக இருந்தாலும் பத்தாண்டு கடந்த டயரைக் கழற்றிவிடுங்கள்.

எஞ்சின்

இந்த எஞ்சினின் உடல் அலுமினியம். அதற்குள் பிஸ்டன்கள் இயங்கும் வார்ப்பிரும்பு உருளைகளான லைனர்கள் தனியாக நிற்கின்றன. கூலன்ட் அவற்றை நேரடியாகச் சூழ்ந்து ஓடுகிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்தால் பராமரிப்பின் பாதி புரிந்துவிடும். துருத்தடுப்புச் சத்து தீர்ந்த கூலன்ட்டோ வெறும் தண்ணீரோ அலுமினியத்தை உள்ளிருந்து அரிக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூலன்ட்டை வடித்து, சரியான கலவையை மெதுவாக ஊற்றி, காற்று வெளியேற்றும் திருகுகளைத் திறந்து, குமிழியின்றித் திரவம் மட்டும் வரும்வரை காத்திருந்து மூட வேண்டும். பிறகு வண்டி நின்ற நிலையில் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். விசிறி சுழலாவிட்டால், வெப்பமானி முள் அபாயக் கோட்டை எட்டுவதற்கு முன் நிறுத்திவிட்டு, விசிறியின் வெப்ப ஸ்விட்சைச் சோதியுங்கள்.

ஹெட் கேஸ்கெட் மாற்றும் நிலை வந்தால், எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை நேராக மேலே பிடுங்காமல் அசைத்துப் பிடிப்பை விடுவித்த பின்பே எடுக்க வேண்டும். எடுத்ததும் லைனர்களை வாஷரும் போல்ட்டும் கொண்டு அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். அதைச் செய்யாமல் கிராங்க்ஷாஃப்ட்டை (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) சுழற்றினால் லைனர் மேலெழும்பி அடிப்பகுதி சீல் விட்டுப்போய், கூலன்ட் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பில் இறங்கும். ஒரு கேஸ்கெட் வேலை முழு எஞ்சின் வேலையாக மாறிவிடும்.

டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். குறைவாக ஓடும் வண்டியில் பெல்ட்டுக்குக் கிலோமீட்டரை விட வயதே பகை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அதை வைத்திருக்கக் கூடாது என்பது என் அளவுகோல். வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது என்பதால் இரண்டையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டையும் கிராங்க்ஷாஃப்ட்டையும் அவற்றுக்குரிய துளைகளில் பின் செருகிப் பூட்டிய பிறகே பழைய பெல்ட்டைக் கழற்றுங்கள். புதியதைப் போட்டு, பின்களை எடுத்த பின், எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் மீண்டும் அதே துளைகளில் தடையின்றி நுழைகின்றனவா என்று பார்த்து, பெல்ட்டின் இறுக்கத்தையும் மறுபடி சோதித்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.

ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாத நிலையில்) எஞ்சின் ஏறி இறங்கித் தடுமாறினால் உடனே, உள்ளே போகும் காற்றை அளக்கும் காற்றோட்ட மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். மீட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்களில் விரிசல் விழுந்து, அளக்கப்படாத காற்று உள்ளே போவதுதான் பெரும்பாலும் காரணம். அதற்கு அடுத்து எர்த் இணைப்புகள். பேட்டரியிலிருந்து கியர்பாக்ஸுக்கும் உடலுக்கும் செல்லும் கம்பிகளின் முனைகளைக் கழற்றி, பளபளப்பாகத் தேய்த்து, மீண்டும் இறுக்குங்கள். எந்தப் புதிய சென்சாரும் வாங்குவதற்கு முன் இவ்விரண்டையும் முடித்துவிட வேண்டும்.

எரிபொருள் குழாய்களை வயது பார்க்காமல் மாற்றுங்கள். பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் பிரான்சில் 2009 முதலும் பிரிட்டனில் 2021 முதலும் விற்கப்படுகிறது. அக்காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனாலைத் தாங்கும் குழாயைப் போட்டு, முடிந்தவரை குறைந்த எத்தனால் கொண்ட உயர்தரப் பெட்ரோலையே ஊற்றுங்கள். இந்த எஞ்சினில் எரிபொருள் அழுத்தத்துடன் ஓடுவதால், குழாயைக் கழற்றுமுன் அழுத்தத்தை வெளியேற்றி, பேட்டரி இணைப்பையும் துண்டித்துவிட வேண்டும்.

ஓட்டிக்கொண்டே பேணுதல்

எஞ்சின் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றி, அதன் அளவை மேல்கோட்டுக்கு அருகிலேயே வைத்திருங்கள். நீண்ட வளைவுகளில் வேகமாகச் செல்லும்போது சம்பிலுள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். கியர் லீவர் தளர்ந்து தேடுவது போலிருந்தால் கியர்பாக்ஸைத் திறப்பதற்கு முன் அதன் இணைப்புக் கம்பிகளின் பிளாஸ்டிக் முனைகளைப் பாருங்கள்; விலை மலிவான அந்தச் சிறு துண்டுகளே பெரும்பாலும் தேய்ந்திருக்கும்.

குளிர்காலத்தில் உப்புத் தூவிய சாலையில் ஓட்டாமல் இருப்பதே துருவுக்கு எதிரான முதல் மருந்து. ஓட்ட நேர்ந்தால் அன்றே அடிப்பகுதியைத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். மூடிய சட்டங்களுக்குள் மெழுகுத் தெளிப்பை இலையுதிர் காலத்திற்கு முன், உலோகம் காய்ந்து சூடாக இருக்கும் நாளில் செலுத்துங்கள். அதற்கு முன் வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் மட்டும் ஓடவிட்டு அணைப்பது நன்மை செய்யாது. எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். பேட்டரியைப் பராமரிப்பு சார்ஜரில் இணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். மழையும் உப்பும் இல்லாத நாள் கிடைத்தால் வெளியே எடுத்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் பிரேக்கும் நன்றாகச் சூடேறும்வரை முப்பது கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு வாருங்கள்.