பெருந்தொற்றுக் காலத்தில் தொலைவழி மருத்துவக் கல்வி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவிட்-19 ஒரு பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று அறிவித்ததை ஒட்டி, பல நாடுகளில் மருத்துவ, செவிலிய மாணவர்களின் வார்டுப் பயிற்சி நிறுத்தப்பட்டு, வகுப்புகள் திரைக்கு மாறின. பாடம் தடைபடவில்லை என்பது உண்மைதான். ஆனால், எதைத் திரையில் கற்க முடியும், எதைக் கையால் மட்டுமே கற்க முடியும் என்று பிரித்துப் பார்க்காமல் விட்டதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் கிளைக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, காணொளியைப் பார்த்து முடித்ததும் அந்தத் திறன் கைவந்துவிட்டதாக நினைப்பது. இதயம் நின்றுபோன வயது வந்தவருக்கு முதலுதவியாக நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பதைத் தேர்வில் யாரும் பிழையின்றி எழுதிவிடலாம். ஓரிரு நிமிடங்களில் தோள் சோர்ந்து ஆழம் குறைவதும், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சை முழுமையாக எழவிடாமல் அதன்மேல் சாய்ந்துவிடுவதும் பயிற்சிப் பொம்மையின் முன் மண்டியிட்டவருக்கே புலப்படும். ஆகவே ஒவ்வொரு செய்முறைக்கும் எதிரே ‘பார்த்தேன்’, ‘பொம்மையில் செய்தேன்’, ‘மேற்பார்வையில் நோயாளிக்குச் செய்தேன்’ என்று மூன்று கட்டங்கள் கொண்ட பதிவேட்டை முதல் நாளிலிருந்தே பராமரிக்க வேண்டும். முதல் கட்டம் மட்டும் நிரம்பியிருந்தால் அது பாக்கிதான்.

இதய ஒலிகளை இணையக் கூட்டச் செயலி வழியாகக் கேட்டுப் பழகுவது அதிகம் பேசப்படாத தவறு. மனிதக் குரலைத் தெளிவாகக் கொண்டுசேர்ப்பதற்காக அமைந்த அச்செயலிகள், குரலல்லாத ஒலிகளை இரைச்சல் என்று கருதி வடிகட்டிவிடக்கூடும். தப்பித்து வரும் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளையும் மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கி சரியாக எழுப்பாது. இதனால் வழக்கமான இரண்டு ஒலிகளையடுத்து மெல்லக் கேட்கும் மூன்றாம் இதய ஒலியும், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கும்போது கேட்கும் உருளல் ஓசையும் காணாமல் போக, மாணவர் தம் காதையே சந்தேகிக்கிறார். ஆசிரியர் அந்த ஒலியைக் கூட்டத்தில் ஓடவிடுவதைவிடக் கோப்பாக அனுப்புவதே சரி. மாணவர் அதைக் காதை மூடும் ஹெட்போனில் கேட்க வேண்டும்.

பதிவு செய்த வகுப்புகளைச் சேர்த்து வைத்து, தேர்வுக்கு முன் இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது பலரின் வழக்கம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, நெஞ்சுவலிக்கான காரணங்களை உயிருக்கு ஆபத்தானவற்றிலிருந்து தொடங்கி வெற்றுத் தாளில் எழுதிப் பார்ப்பது இரண்டாம் முறை காணொளி பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

தொலைமருத்துவ ஆலோசனையில் மாணவராக இணையும்போது, அதே அறையில் குடும்பத்தினர் இருப்பதைப் பொருட்படுத்தாமல் ஒலிபெருக்கியில் கேட்பதும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் நோயாளியின் அந்தரங்கத்தை மீறுவதாகும். பெயரை மறைத்துவிட்டோம் என்ற சமாதானம் செல்லாது. அரிய நோயும் தேதியும் சேர்ந்தாலே ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

கல்லூரிகளின் பங்கையும் சொல்லியாக வேண்டும். திரைமுன் கழிந்த மணிநேரங்களை வார்டுப் பயிற்சி நேரமாகக் கணக்கெழுதினால், சான்றிதழில் குறை தெரியாது, வார்டில் தெரியும். மாணவர்களும் திரும்பி வந்ததும் கூச்சத்தால் பாக்கிகளை மறைக்காமல், அந்தப் பதிவேட்டை மேற்பார்வையாளரிடம் முதலிலேயே காட்டிவிட வேண்டும். குறிப்பாக, பாதுகாப்புக் கவச உடையைக் கழற்றும் கட்டத்தில் தொற்று கைக்கு மாறும் ஆபத்து அதிகம் என்பதால், கழற்றும் வரிசையை மற்றொருவர் அருகிலிருந்து சரிபார்க்க நேரில் செய்துகாட்டிய பிறகே தொற்று வார்டுக்குள் செல்ல வேண்டும்.