உப்புக் கரைசலில் களிமண் கால்சியத்தை விடுகிறதா? வீட்டிலேயே சோதிக்கலாம்

பெங்களூரில் செம்மண் எந்த நர்சரியிலும் கிடைக்கும். கரிசலுக்குத்தான் கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் ஊருக்குப் போகிறவர்களிடம் ஒரு பை சொல்லி வைக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

மீன் தொட்டிக்குத் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் அளவு பார்க்கும் ஜிஎச் டெஸ்ட் கிட் வேண்டும் (நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும்), சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் கேட்டுப் பாருங்கள். காவிரித் தண்ணீரோ போர் தண்ணீரோ வேண்டாம், இரண்டிலும் கால்சியம் உண்டு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள்.

மண்ணைக் காயவைத்து, பொடித்து, சலித்து ஒவ்வொன்றிலும் 20 கிராம் எடுங்கள். கரிசலில் வெள்ளையாகச் சுக்கான் கற்கள் (சுண்ணாம்புக் கட்டிகள்) இருந்தால் பொடிப்பதற்கு முன்பே பொறுக்கிப் போடுங்கள், அது கரைந்தாலும் கால்சியம் வரும், கணக்குக் குழம்பும். அப்புறம் இரண்டு தடவை டிஸ்டில்ட் வாட்டரில் கழுவி, இரண்டாவது கழுவலை வடித்து அதன் கடினத்தன்மையைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது 100 மில்லி தண்ணீரில் 5 கிராம் உப்பைக் கரைத்து மண்ணில் ஊற்றி, அவ்வப்போது கலக்கி அரை மணி நேரம் விட்டு, காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டுங்கள். வடிந்ததைப் பத்து மடங்கு நீர்த்துத்தான் சோதிக்க வேண்டும், இல்லையென்றால் கரிசலுக்குச் சொட்டு விட்டு மாளாது. மண்ணே படாத உப்புக் கரைசலையும் அதேபோல் நீர்த்துச் சோதித்து, அந்த அளவைக் கழித்துவிடுங்கள். கடை உப்பிலேயே கொஞ்சம் கால்சியமும் மக்னீசியமும் இருக்கும்.

கரிசலின் சொட்டு எண்ணிக்கை செம்மண்ணைவிட நன்றாகவே கூடுதலாக வரும். கரிசலில் இருக்கும் மாண்ட்மோரில்லோனைட் வகைக் களியின் அடுக்குகளில் சில அலுமினிய இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் அடுக்குக்கு எதிர்மின்னூட்டம் வந்துவிடுகிறது, அதைச் சமன்செய்யத்தான் கால்சியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உப்பில் இருக்கும் சோடியம் அந்தக் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கிறது. இப்படி மாற்றிக்கொள்ளும் பரிமாற்றத் திறன் மாண்ட்மோரில்லோனைட்டுக்கு 100 கிராமுக்கு சுமார் 80 முதல் 120 மில்லிஈக்விவலன்ட் (மின்னூட்டத்தைக் கணக்கிடும் அலகு), செம்மண்ணில் இருக்கும் கயோலினைட் களிக்கு 3 முதல் 15தான். கால்சியத்தின் பிடி சோடியத்தைவிட வலுவானது, அதனால்தான் உப்பை இவ்வளவு தாராளமாகப் போடுகிறோம். 1850இலேயே இங்கிலாந்தில் ஜே. தாமஸ் வே என்ற வேதியியலாளர் மண்ணில் உப்புக் கரைசல்களை வடித்து, உள்ளே போன அயனிக்கு (மின்னூட்டம் கொண்ட துகளுக்கு) ஈடாகக் கால்சியம் வெளியே வருவதைக் காட்டிவிட்டார்.

சரி, அந்த மண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். உப்பு போகும்வரை டிஸ்டில்ட் வாட்டரில் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். சோடியம் ஏறிய கரிசல் தெளியவே தெளியாது, கலங்கலாகவே நிற்கும், ஃபில்டர் பேப்பரும் அடைத்துக்கொள்ளும். அபார்ட்மென்ட் வாட்டர் சாஃப்ட்னரைக் கழுவிய உப்புத் தண்ணீரைச் செடிக்கு விடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். தெரியாமல் விட்டு மண் இறுகிப் போயிருந்தால் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) தூவி, நல்ல தண்ணீரை நிறைய விட்டு வடியவிடுங்கள். கால்சியம் உள்ளே போய்ச் சோடியம் கழுவிக்கொண்டு போகும்.