தண்டுவட நீரில் கிரிப்டோகாக்கஸைத் தேடும் முறை

அம்பாசமுத்திரத்திலிருந்தோ சங்கரன்கோவிலிலிருந்தோ பேருந்தேறிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு வரும் எச்.ஐ.வி. நோயாளி ஒருவர், சிடி4 (நோய் எதிர்ப்புக்கான வெள்ளணு) எண்ணிக்கை 100-க்குக் கீழே இறங்கிய நிலையில் இரண்டு வாரமாகத் தலைவலி விடவில்லை என்றால், காய்ச்சலோ கழுத்து விறைப்போ இல்லை என்பதற்காக அவரை மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பக் கூடாது. கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை அப்படித்தான் சத்தமில்லாமல் மூளை உறையில் குடியேறும்.

முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீர் (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர்) எடுக்கும்போது, நோயாளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முதலில் அழுத்தத்தை அளந்து படிவத்தில் எழுத வேண்டும்; நீர்மட்ட உயரம் 20 செ.மீ.க்கு மேல் இருந்தால் அது மிகுந்த அழுத்தம். கை கால் செயலிழப்போ வலிப்போ இருந்தால் ஊசிக்கு முன்பே ஸ்கேன் எடுக்க வேண்டும். நீரைக் குளிர்பெட்டியில் வைக்காமலும், வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிடாமலும் உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வெள்ளணுக்கள் குறைவு, சர்க்கரையும் புரதமும் சரியான அளவு என்று அறிக்கை வந்தாலும் நோய் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். எதிர்ப்புச் சக்தி இழந்த உடலில் அழற்சியே எழாமல் போகலாம்.

சென்ட்ரிஃபியூஜில் சுழற்றியபின் அடியில் தங்கியதில் ஒரு துளியை இந்தியா இங்க் என்னும் கறுப்பு மையோடு கலந்து, கவர்ஸ்லிப் மூடிப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் தெளிவான ஒளிவட்டம் சூழ்ந்த உருண்டைச் செல், அதிலும் மொட்டு விட்ட செல், கிரிப்டோகாக்கஸ். லிம்போசைட் என்னும் வெள்ளணுவைச் சுற்றியும் ஒரு வட்டம் தெரியும். ஆனால் அதன் விளிம்பு மங்கலாக இருக்கும், மொட்டும் இராது. மையிலேயே பூஞ்சை வளர்ந்து ஏமாற்றுவதுண்டு என்பதால், மையை மட்டும் வைத்த ஸ்லைடு ஒன்றையும் பார்ப்பது நல்லது.

கிருமி குறைவாக இருக்கும் தொடக்க நாள்களில் இந்த மைச் சோதனை தவறவிடும். ஆகவே ஆன்டிஜென் (பூஞ்சையிலிருந்து வெளியாகும் பொருள்) இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்ட்ரிப் சோதனை கட்டாயம் வேண்டும். ஸ்ட்ரிப்போடு வரும் கரைசலில் ஒரு துளியும் தண்டுவட நீரில் 40 மைக்ரோலிட்டரும் கலந்து ஸ்ட்ரிப்பை நிறுத்தினால் 10 நிமிடத்தில் விடை தெரியும்; மிக மெல்லிய கோடும் பாசிட்டிவ்தான். ஆன்டிஜென் அளவுக்கு மீறி இருந்தால் கோடு விழாமலே போகக்கூடும், ஐயம் வலுவாக இருப்பின் மாதிரியை நீர்க்கச் செய்து மீண்டும் சோதியுங்கள். சிகிச்சைக்குப் பின்னும் பல மாதம் ஆன்டிஜென் தங்கியிருக்கும் என்பதால், நோய் திரும்பியதா என்பதை வளர்ப்புச் சோதனையே சொல்லும். அதற்குச் சபூராட் அகார் என்னும் பூஞ்சை வளர்ப்பு ஊடகத்தில், இந்தப் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு சேர்க்காமல், 30 டிகிரியில் வையுங்கள். வழுவழுப்பான வெண்ணெய் நிறக் கூட்டங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தோன்றும், ஆனாலும் நான்கு வாரம் வரை தட்டை எறியாதீர்கள்.

பாசிட்டிவ் என்றால் அறிக்கைக் காகிதத்துக்குக் காத்திராமல் வார்டுக்கும் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்துக்கும் அன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பூஞ்சைக்கான சிகிச்சை உடனே தொடங்க வேண்டும், ஏ.ஆர்.டி. மருந்தையோ 4 முதல் 6 வாரம் தள்ளித்தான் தொடங்க வேண்டும்.