ராக்கி மவுண்டனியர்: கோல்டா, சில்வரா?

கனடாவின் வான்கூவரிலிருந்து ராக்கி மலைகளுக்குள் போகும் ராக்கி மவுண்டனியர் ரயிலுக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால், முதலில் வந்து நிற்கும் கேள்வி இதுதான்: சில்வர்லீஃப் வகுப்பு போதுமா, கோல்ட்லீஃப் வகுப்பு எடுக்கலாமா? விலை வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. அது எதற்காக என்று பார்க்காமலே முடிவெடுப்பதில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

சில்வர் என்றதும் சாதாரணப் பெட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டு வகுப்புப் பெட்டிகளும் ஒரே தண்டவாளத்தில், ஒரே வேகத்தில், ஒரே மலைகளைப் பார்த்துக்கொண்டுதான் போகின்றன. சில்வர் பெட்டி ஒரே தளம் கொண்டது. ஜன்னல்கள் பெரியவை, மேலே கூரை வரை வளைந்து போகும். கோல்ட் பெட்டிக்கு இரண்டு தளம். இருக்கைகள் மேலே, கண்ணாடிக் கூரைக்கு அடியில். சூடான சாப்பாடும் மதுவும் இரண்டிலும் கட்டணத்தில் அடக்கம். கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது முக்கியமாக மூன்று: உயரம், சாப்பாட்டுக் கூடம், திறந்தவெளித் தளம். இவற்றில் எது உங்களுக்கு வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உதவாது. ஃப்ரேசர் பள்ளத்தாக்கில் ஹெல்ஸ் கேட் என்ற இடத்தில் ஆறு சுமார் 35 மீட்டர் அகலத்துக்குச் சுருங்கிப் பாய்கிறது. அங்கே கண் கீழேதான் போகும். சில்வர் ஜன்னல் தாராளமாகப் போதும். ஜாஸ்பர் என்ற மலை ஊருக்குப் போகும் பாதையில் வரும் ராப்சன் சிகரம் வேறு கதை. 3,954 மீட்டர், கனடிய ராக்கியிலேயே உயரமானது. மேகம் விலகும் நேரத்தில் அதைத் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி வழியாகப் பார்ப்பது தனி அனுபவம்தான். ஆனால் மேகம் விலகுமா என்பது டிக்கெட்டில் எழுதியிருக்காது.

சாப்பாட்டு விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. சில்வரில் தட்டு உங்கள் இருக்கைக்கே வரும். கோல்டில் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போக வேண்டும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடம் போதாது என்பதால் இரண்டு பந்தி. முதல் பந்தி கீழே சாப்பிடும்போது, மற்றவர்களுக்கு மேலே காபியும் கொறிக்க ஏதாவதும் வரும். மேசை நால்வருக்கானது, தம்பதியாகப் போனால் எதிரே முன்பின் தெரியாத இருவர் உட்காரலாம். சிலருக்கு அதுவே பயணத்தின் ருசி, சிலருக்கு அவஸ்தை. முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவோடு போகிறவர்கள் படிக்கட்டையும் கணக்கில் எடுங்கள். லிப்ட் உண்டு, ஆனால் முன்பதிவின்போதே தேவையைச் சொல்லிவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால், கோல்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கு உண்மையான நியாயம் அந்தத் திறந்தவெளித் தளம்தான். கண்ணாடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உங்கள் சட்டையின் நிறம் படத்தில் பிரதிபலிக்கும் (வெள்ளைச் சட்டை போட்டால் இன்னும் மோசம்). வெளியே நின்றால் கண்ணாடியே இல்லை. பைன் வாசனையும் காற்றும் சேர்ந்து வரும். சில்வரிலும் பெட்டி முனையில் வெளிக்காற்று வாங்க இடம் உண்டு, ஆனால் சிறியது. கேமராவும் கையுமாக அலைகிறவர் என்றால் கோல்ட். உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொண்டு போகிறவர் என்றால் சில்வரில் மிச்சமாகும் பணத்தில், இந்த ரயிலின் இன்னொரு பாதை போய்ச் சேரும் மலை ஊரான பான்ஃபில் கூடுதலாகத் தங்கலாம்.

இன்னொரு பிழை, கோல்ட் எடுத்தால் படுக்கை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது. எந்த வகுப்பிலும் படுக்கை கிடையாது. இந்த ரயில் காட்சிக்காகவே பகலில் மட்டும் ஓடுகிறது. இரவில் கம்லூப்ஸ் போன்ற ஊரில் இறக்கி ஹோட்டலுக்கு அழைத்துப் போவார்கள். ரயிலிலேயே தூங்க ஆசை என்றால் டொராண்டோவுக்கும் வான்கூவருக்கும் இடையே ஓடும், கனடா அரசின் பயணிகள் ரயில் நிறுவனமான வியா ரயிலின் 'தி கனடியன்' இருக்கிறது. ஆனால் அது ஜாஸ்பர் வழியாகப் போகும், பான்ஃப் வழியாக அல்ல.

ஹோட்டலும் வகுப்புக்கு ஏற்றபடிதான் தருவார்கள். கோல்டுக்கு மேலான அறை. அதற்காகவே கோல்ட் எடுப்பது எனக்குப் புரியவில்லை. மாலையில் வந்து சேர்ந்து, மறுநாள் காலை சீக்கிரமே கிளம்ப வேண்டும். தண்டவாளம் சரக்கு ரயில் நிறுவனங்களுடையது என்பதால் வழியில் அவற்றுக்கு ஒதுங்கி நிற்பதும் சகஜம். வந்து சேர்வது இன்னும் தாமதமாகலாம். அப்புறம் அறையை எங்கே அனுபவிப்பது?

வகுப்புக்கு முன்னால் பாதையை முடிவு செய்யுங்கள். 1909-ல் திறந்த சுருள் சுரங்கங்கள் பான்ஃப் பாதையில் மட்டும்தான். மலைக்குள்ளேயே வளைந்து உயரம் ஏறும் அமைப்பு அது. உள்ளே இருட்டு, கோல்டும் சில்வரும் ஒன்றுதான். பிரமிட் அருவியும் ராப்சன் சிகரமும் ஜாஸ்பர் பாதையில்.

தேதியும் முக்கியம். ரயில் ஓடுவது ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. கோடையில் கோல்ட் கட்டுப்படியாகாது என்று தோன்றினால், சீசனின் இரு முனைகளிலும் விலை பாருங்கள். அப்போது பொதுவாகக் குறைவாகவே இருக்கும்.