மீட்டரில் 19,000 கிலோமீட்டர்தான்: பழைய சின்ன செடான் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு காரைக்குடிச் செய்முறை

எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய சாமான் தேடி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நாங்கள் ஒரு கிண்ணிகூட வாங்குவதில்லை. ஆனாலும் பழசு என்றால் ஒரு சபலம் எங்களுக்கும் இருக்கத்தான் செய்கிறது. என் சபலம் காரில் போய் விடிந்தது.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. ஆச்சி மட்டும் இருக்கிறார். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். முகப்பை ஒட்டிய கொட்டகையில் 2014 மாடல் பெட்ரோல் செடான் ஒன்று துணி போர்த்தி நின்றது. மீட்டரில் 19,000 சொச்சம். "படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் எடுக்கிறது தம்பி, வேற யாரும் தொட்டதில்லை" என்றார் ஆச்சி. (படைப்பு என்பது முன்னோர்க்குப் படையல் இடும் குடும்ப விழா.) அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த உண்மைதான் முதல் ஆறு மாதத்தில் என்னிடமிருந்து 40,000 ரூபாய்க்கு மேல் கறந்தது.

செட்டிநாட்டில் பழைய கார் தேடுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட வண்டி கண்ணில் படாமல் இருக்காது. பூட்டிய வீடு, வாட்ச்மேன், துணி போர்த்திய கார். அதிகம் ஓடிய வண்டியைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஓடாமலே நின்ற வண்டியைப் பார்த்து மயங்குகிறோம். நான் பட்டதையும், பிறகு என் மைத்துனருக்கு வண்டி பார்க்கப் போனபோது செய்ததையும் சேர்த்து, முதல்முறை வாங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. எவ்வளவு ஓட்டப் போகிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள்

காரைக்குடிக்குள் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும், மாதம் ஒருமுறை மதுரைக்கோ திருச்சிக்கோ என்றால் பெட்ரோல் போதும். தினமும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்குத்தான் டீசல். குறிப்பாக 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இருக்கும். அந்தக் கரி எரிந்து வெளியேற நீண்ட ஓட்டம் வேண்டும். செக்காலையிலிருந்து புது பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினால் எரியாது, அடைக்கும்.

சின்ன செடான் என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை 4 மீட்டருக்குள் அடங்கியவை. பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள்ளும் டீசல் 1500 சிசிக்குள்ளும் இருந்தால் வரி குறைவு என்பதால் கம்பெனிகள் அந்த அளவில் செய்தன. மாருதி டிசையர் 2008இல் வந்தபோது 4 மீட்டரைத் தாண்டியிருந்தது. 2012இல் டிக்கியைச் சுருக்கி 3,995 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். டொயோட்டா எட்டியாஸ் இந்தக் கணக்கில் வராது, 4,265 மில்லிமீட்டர். டிக்கியில் ஆயாவின் வெள்ளிச் சாமான் பெட்டி, பலகாரத் தூக்கு எல்லாம் ஏற வேண்டும் என்றால் இந்த வித்தியாசம் உங்களுக்கு முக்கியம். மற்றவர்கள் இதைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம்.

2. வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், ஆனால் சரியாகக் கேளுங்கள்

"வண்டி எப்படி?" என்று கேட்டால் "தங்கம்" என்றுதான் பதில் வரும். சொந்தக் காரைக் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது. நான் இப்போது மூன்று கேள்விதான் கேட்கிறேன்: வழியில் நின்றதுண்டா? கடைசியாக எதுக்குப் பணம் கொடுத்தீர்கள்? எந்தச் சாமானுக்காக வண்டி ஒர்க்‌ஷாப்பில் காத்துக் கிடந்தது?

தேவகோட்டையில் ஓர் ஆசிரியர், எட்டு வருஷமாக ஒரு பெட்ரோல் செடானில் தினமும் 30 கிலோமீட்டர் பள்ளிக்குப் போய் வருகிறார். ஒருமுறை பேட்டரி, இரண்டு முறை டயர், முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கம்பியின் ரப்பர்). அவ்வளவுதான் அவர் பட்டியல். டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவரின் டீசல் வண்டி 2,80,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கிளட்ச் இரண்டு தடவை மாற்றியிருக்கிறார். எஞ்சினைப் பிரிக்கவில்லை. "ஆயிலை நாள் தள்ளாம மாத்துனா போதும், அது பாட்டுக்கு ஓடும்" என்றார். இந்த இருவர் வண்டியையும் என் 19,000 கிலோமீட்டர் பொக்கிஷத்தையும் பக்கத்தில் நிறுத்தினால், தள்ள வேண்டியது என்னுடையதாகத்தான் இருந்திருக்கும்.

ஒரே மாடல் வைத்திருக்கும் மூன்று பேரும் ஒரே குறையைச் சொன்னால் அது அந்த மாடலின் குறை. ஆளுக்கு ஒன்று சொன்னால் அது ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது.

3. காகிதங்கள்

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாகப் பொருந்த வேண்டும். சேசிஸ் எண் 17 எழுத்துகள். பாதியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதியும் இன்சூரன்ஸும் தெரியும். ஆன்லைன் ஃபைன் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பாருங்கள். கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் பத்தாது, ஆர்.சி.யில் எச்.பி. (கடன் கொடுத்த வங்கியின் பிடிப்புக் குறிப்பு) நீக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வாங்கிவிட்டுத்தான் முழுப் பணம்.

டி.என். 63 என்றால் நம் சிவகங்கை மாவட்டப் பதிவு, 55 புதுக்கோட்டை, 65 ராமநாதபுரம். பாண்டிச்சேரி பி.ஒய். நம்பர் வண்டி மலிவாகக் கண்ணில் படும். அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே வரி கட்டி முடிக்கும்போது அந்த மலிவு கரைந்துவிடும். ஒரு காலத்தில் டி போர்டாக ஓடி வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்ஸியாக ஓடியது குற்றமில்லை, அதை மறைத்தால்தான் குற்றம்.

4. காலையில் போங்கள், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்

"ஏழு மணிக்கு வருகிறேன், அதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் கையை பானெட் மேல் வையுங்கள். சூடாக இருந்தால், ஆறிய எஞ்சின் எழுந்திருக்க முரண்டு பிடிப்பதை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். செக் எஞ்சின் விளக்கு முதலிலிருந்தே எரியவில்லை என்றால் அது நல்ல சேதி அல்ல, பல்பைப் பிடுங்கியிருக்கலாம். பெட்ரோல் வண்டியில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை வந்தால், காலை ஈரம்தானா என்று பார்க்க ஐந்து நிமிஷம் பொறுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் கிளம்பி வந்துவிடலாம். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் திறங்கள். உள்ளே துருத் தண்ணீர் நிறத்தில் இருந்தால் கூலண்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் கானாடுகாத்தானில் செய்யவில்லை. ஆச்சி பால் பணியாரம் கொடுத்தார், சாப்பிட்டேன், முன்பணம் கொடுத்தேன். மூன்றாம் வாரம் பள்ளத்தூர் ரயில்வே கேட் அருகில் வண்டி நின்றது. இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்தார். பேட்டரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு உருண்டையை எடுத்துத் தரையில் வைத்தார். தேங்காய் நார், பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சுப் பாயின் துண்டுகள், கிழிந்த பாலித்தீன், நடுவில் மனகோலம் என்ற பலகாரத்தில் ஒரு துண்டு. எந்தக் கல்யாணத்து மனகோலமோ! அதற்குப் பக்கத்தில் நான்கு வயர்கள் செப்புக்கம்பி தெரியக் கடித்துக் கிடந்தன. "தம்பி, இது கார் இல்ல, எலி வளவு" என்றார். வளவு என்றால் எங்கள் பக்கம் பெரிய வீடு. வயரிங் மட்டும் 14,000 ரூபாய்.

ஆகவே ஒரு டார்ச்சோடு போங்கள். பேட்டரித் தட்டுக்குப் பின்புறம், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள், ஏ.சி. ஃபில்டர் இருக்கும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால். எலிப் புழுக்கை ஒன்று இருந்தாலும் எங்கேயோ வயர் போயிருக்கும்.

நின்ற வண்டியில் இன்னும் நான்கு இடம் கெடும். பிரேக் டிஸ்க் துருப்பிடித்து பேடோடு ஒட்டிக்கொள்ளும்; முதல் நகர்வில் "டக்" என்று விடும். டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகி, 60க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கும். ஏ.சி. கம்ப்ரஸர் ஓடாமலே கிடந்தால் அதன் சீல் காய்ந்து கேஸ் கசியும். அப்புறம் டேங்க். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கலாம். என் வண்டியில் ஃபியூயல் பம்ப் போனது இதனால்தான் என்று அண்ணன் அடித்துச் சொல்கிறார்.

5. குனிந்து பாருங்கள்

வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் ஒரு சாக்கைப் போட்டுப் படுத்துப் பாருங்கள். நம் உள்ளூர் வண்டிக்கு அடியில் செம்மண்தான் ஒட்டியிருக்கும், அதனால் பயமில்லை. தொண்டி, ராமேஸ்வரம் பக்கம் கடற்கரையிலேயே இருந்த வண்டி என்றால் உப்புக்காற்றின் துரு கதவின் அடி விளிம்பிலும் சைலன்சர் இணைப்பிலும் செதில் செதிலாகத் தெரியும். துருவையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இலேயே திறந்த ஊர் காரைக்குடி. அங்கிருந்து ஒருவரைக் கூட்டிப்போக வேண்டியதில்லை. சாவியால் மெல்லத் தட்டினால் போதும், பொத்தல் விழுகிற துரு தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

சென்னையிலிருந்து வந்த வண்டி என்றால் வெள்ளத்தில் மூழ்கியதா என்று பாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். சீட்டைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் கடைசி ஓர் அடியைக் கழுவ மறந்துவிடுவார்கள். சேற்றுக் கோடு அங்கே இருக்கும்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். 3218 என்றால் 2018ஆம் வருஷம் 32ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருக்கும், ரப்பர் மட்டும் வெடித்திருக்கும். நின்ற வண்டியின் டயர் அப்படித்தான்.

6. ஓட்டிப் பாருங்கள்

ஊருக்குள் ஒரு சுற்று என்பது கணக்கில்லை. என் பாதை இது: காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி வரை போய்த் திரும்புதல். நேர் ரோட்டில் 80 வரை, வேகத்தடைகளில் ஜன்னலை இறக்கிவிட்டு மெதுவாக. "டொக் டொக்" என்றால் லிங்க் ராடு அல்லது புஷ், பெரிய செலவில்லை. நான்காவது கியரில் 40இல் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. பிள்ளையார்பட்டியில் ஏ.சி.யை அணைக்காமல் பத்து நிமிஷம் நிறுத்தி வைத்து, டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். முடிந்தால் வெயில் ஏறிய பிறகு இன்னொரு தடவை. சித்திரை வெயிலில் குளிர்கிற ஏ.சி. எப்போதும் குளிரும்.

பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வரலாம், தப்பில்லை. வாங்குவதா வேண்டாமா என்பதை மட்டும் திரும்பி வந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

7. மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்

விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம், உங்கள் ஆள் வேண்டும். அவரிடம் ஸ்கேனர் இருந்தால் ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள சாக்கெட்டில் மாட்டி, பழைய கோளாறுகள் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்ப்பார். பார்க்கப் போவதற்குச் சற்று முன்புதான் எல்லாவற்றையும் அழித்திருக்கிறார்கள் என்பதையும் ஸ்கேனர் காட்டிக்கொடுப்பதுண்டு. மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதற்கு சர்வீஸ் பில்தான் சாட்சி. பில் இல்லாவிட்டால் பிரேக் பெடலின் ரப்பரைப் பாருங்கள். 30,000 ஓடிய வண்டியில் அது வழவழவென்று தேய்ந்திருக்காது.

8. பேரமும் பெயர் மாற்றமும்

கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக்கிடம் விலை கேட்டு எழுதிக்கொண்டு, மொத்தத்தைச் சொல்லிக் குறையுங்கள். "ஏதாச்சும் பாத்துக் குறைங்க ஆச்சி" என்பது பேரம் அல்ல. நான் அப்படிக் கேட்டதற்கு ஆச்சி 5,000 ரூபாய் குறைத்துவிட்டு ஒரு டப்பா சீப்புச் சீடை கொடுத்தார்.

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி உடனே ஆன்லைனில் பதிவு செய்யுங்கள். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் கழிவு) அவரோடு போய்விடும், அதற்கான வித்தியாசத்தைக் கட்டத்தான் வேண்டும்.

9. முதல் மாதம்

எந்தப் பழைய வண்டியாக இருந்தாலும் எஞ்சின் ஆயில், மூன்று ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மீட்டரைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ஆயிலுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அது என்பதுதான் கணக்கு. ஆச்சி வீட்டு வண்டியில் நான்கு வருஷத்து ஆயில் இருந்தது. "வண்டிதான் ஓடலையே, ஆயில் எதுக்கு மாத்தணும்?" என்று வாட்ச்மேன் நினைத்திருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வாரத்துக்கு ஒருமுறையாவது 20 கிலோமீட்டர், ஏ.சி. போட்டு ஓட்டுங்கள். வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, ஸ்டார்ட் பண்ணி மட்டும் வைக்காமல் ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். வண்டிக்குள் பலகாரம் வேண்டாம். எலிக்கு நாப்தலின் உருண்டை, புகையிலை என்று என்னென்னவோ வைத்துப் பார்த்தேன். கடைசியில் பலித்தது, இரவில் பானெட்டைத் திறந்தே விடுவதுதான். திறந்து காற்றுப் படுகிற இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும்.

போன தையில் ஆச்சி வீட்டுப் படைப்புக்கு அதே வண்டியில்தான் போனேன். மீட்டரில் 61,000. ஆச்சி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "இப்படியா தேய ஓட்டுவாக?" என்று கோபித்துக்கொண்டார்.