ஸ்காபரோ—ரூஜ் ரிவர்: மறைந்த ஒரு தொகுதியின் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 மே 2 அன்று ராதிகா சிற்சபைஈசன் வென்று, கனடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான முதல் தமிழர் ஆனார். அவரை அனுப்பிய தொகுதி, ரொறன்ரோ நகரின் வடகிழக்கில் இருந்த ஸ்காபரோ—ரூஜ் ரிவர். அந்த வெற்றியால்தான் இந்தத் தொகுதியைப் பற்றித் தமிழில் எழுத இன்றும் புதியவர்கள் வருகிறார்கள். முன்பு எழுதியவர்கள் இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறுகிறார்கள். பெயரைப் பிழையாக எழுதுவது, கட்சியை மாற்றிப் போடுவது போன்றவை ஒருமுறை திரும்பப் படித்தால் அகப்படும். கண்ணில் படாமல் நின்றுவிடுபவை வேறு.

மூன்று மன்றங்களையும் ஒன்றாகக் கலப்பது

இவ்வளவு முறை திருத்திய பிறகும் எரிச்சலூட்டும் தவறு இது. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தாள, பிழை பத்து இடங்களில் வேர்விட்டுவிடுகிறது.

ஸ்காபரோ—ரூஜ் ரிவர் என்ற பெயரில் இருந்தது ஒரு தொகுதி அல்ல. ஒட்டாவா நாடாளுமன்றத்துக்கான தொகுதி 1988 தேர்தலில் பிறந்து 2015 இல் முடிந்தது. ஒன்ராறியோ சட்டமன்றத்துக்கான தொகுதி 1999 முதல் 2018 வரை இருந்தது. ரொறன்ரோ நகரசபையிலோ 41 ஆம், 42 ஆம் வட்டாரங்கள் இரண்டுமே 2000 முதல் 2018 வரை இதே பெயரைச் சுமந்தன.

காரணம் எளிது. 1996 இல் ஒன்ராறியோ அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, மாகாணத் தொகுதிகளை மத்தியத் தொகுதிகளின் எல்லைகளோடும் பெயர்களோடும் பொருத்தியது. அது 1999 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. 2000 இல் நகரசபை தன் 44 வட்டாரங்களை அமைத்தபோது அதே தொகுதிகளை இரண்டிரண்டாகப் பிரித்தது. பிறகு மத்தியத் தொகுதிகளின் எல்லைகள் 2015 தேர்தலில் மாறின. மாகாணமும் நகரமும் 2018 வரை பழையதிலேயே இருந்தன. அந்த மூன்று ஆண்டு இடைவெளிதான் பொறி.

2016 செப்டம்பர் 1 அன்று ஸ்காபரோ—ரூஜ் ரிவரில் ஓர் இடைத்தேர்தல் நடந்தது. கொன்சர்வேட்டிவ் வேட்பாளர் ரேமண்ட் சோ வென்றார். இந்தச் செய்தியைக் காணும் புதியவர், "2015 இல் நீக்கப்பட்ட தொகுதியில் 2016 இல் எப்படித் தேர்தல்?" என்று யோசித்து, நீக்கப்பட்ட ஆண்டையே மாற்றிவிடுகிறார். நடந்தது சட்டமன்ற இடைத்தேர்தல். லிபரல் உறுப்பினர் பாஸ் பால்கிசூன் அந்த ஆண்டு பதவி விலகியதால் வந்தது.

ரேமண்ட் சோ ஒருவரே இந்தக் குழப்பம் முழுவதையும் காட்டுவார். 1988 இல் புதிய ஜனநாயகக் கட்சிக்காக மத்தியத் தொகுதியில் நின்று தோற்றார். 2004 இல் அதே மத்தியத் தொகுதியில் சுயேச்சையாக நின்று தோற்றார். 42 ஆம் வட்டாரத்தில் நகரசபை உறுப்பினராகப் பல ஆண்டுகள் இருந்தார். 2016 இல் சட்டமன்றம் போனார். நான்கு இடங்களிலும் பெயர் ஸ்காபரோ—ரூஜ் ரிவர்தான். எந்த மன்றம் என்று ஒவ்வொரு வரியிலும் எழுதாவிட்டால், வாசகருக்கு அவர் ஒரே பதவிக்கு முட்டிமோதியவர்போலத் தோன்றும்.

தமிழ் வாசகர்களுக்கு இதைவிடக் கிட்டிய பொறி 2011. மே மாதம் மத்தியத் தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சியின் ராதிகா வென்றார். அக்டோபர் 6 அன்று மாகாணத் தேர்தலில் அதே கட்சியின் நீதன் சான் தோற்றார். ஒரே ஆண்டு, ஒரே பெயர், ஒரே கட்சி, இருவரும் தமிழர். ஒருவரின் வாக்கை மற்றவரின் கணக்கில் எழுத இதைவிட என்ன வேண்டும்? நீதன் சான் 2017 பெப்ரவரியில் வென்றது 42 ஆம் வட்டார இடைத்தேர்தலில்; அது நகரசபை.

இதற்கு ஒரு சல்லடை இருக்கிறது. மத்தியத் தொகுதியில் நடந்த பொதுத் தேர்தல்கள் எட்டே எட்டு: 1988 நவம்பர் 21, 1993 அக்டோபர் 25, 1997 ஜூன் 2, 2000 நவம்பர் 27, 2004 ஜூன் 28, 2006 ஜனவரி 23, 2008 அக்டோபர் 14, 2011 மே 2. முதல் ஏழிலும் லிபரல் கட்சியின் டெரெக் லீ வென்றார், எட்டாவதில் ராதிகா. கையில் உள்ள முடிவின் திகதி இந்த எட்டில் இல்லை என்றால், அது வேறு மன்றத்தின் முடிவு. மத்தியத் தொகுதியின் முடிவு அட்டவணையில் அதைச் சேர்க்காதீர்கள்.

ஒரே தொகுதி என்று எண்ணி விழுக்காட்டை ஒப்பிடுவது

ராதிகா 2011 இல் 40 விழுக்காட்டுக்குச் சற்று மேல் பெற்றார். 2015 இல், புதிய எல்லைகளில் உருவான ஸ்காபரோ நோர்த்தில் 22 விழுக்காடு அளவில் பெற்று மூன்றாவதாக வந்தார்; லிபரல் கட்சியின் ஷான் சென் வென்றார். இதை "சொந்தத் தொகுதியிலேயே ஆதரவு பாதியானது" என்று எழுதுகிறார்கள். ஸ்காபரோ நோர்த் பழைய தொகுதி அல்ல. பழையதன் ஒரு பகுதி ஸ்காபரோ—ரூஜ் பார்க்குக்குப் போனது. அங்கே வென்றவர் கெரி ஆனந்தசங்கரி. 2015 இல் நாடெங்கும் லிபரல் அலை அடித்ததும் உண்மை. ஆனால் அலை எவ்வளவு, எல்லை எவ்வளவு என்று பிரிக்காமல் எதையும் சொல்ல முடியாது.

பிரிக்கும் வழி: மத்தியத் தேர்தல்களை நடத்தும் அமைப்பான எலெக்ஷன்ஸ் கனடா, 2011 வாக்குகளைப் புதிய 338 தொகுதிகளின் எல்லைக்குள் மாற்றிக் கணக்கிட்டு வெளியிட்டிருக்கிறது. 2015 முடிவை அதோடு ஒப்பிடுங்கள். பழைய ஆண்டுகளுக்கு நீங்களே செய்வதானால், வாக்குச்சாவடி வாரியான முடிவையும் சாவடி எல்லை வரைபடத்தையும் எடுத்து, ஒவ்வொரு சாவடியும் புதிய கோட்டின் எந்தப் பக்கம் விழுகிறது என்று குறியுங்கள். தேர்தல் நாளுக்கு முன்பே போடப்படும் முன்கூட்டிய வாக்குகளில்தான் கை வழுக்கும். ஒரு முன்கூட்டிய சாவடி பல சாவடிப் பிரிவுகளுக்குப் பொதுவானது. அதை முழுதாக ஒரு பக்கம் தள்ளாமல், அந்தப் பிரிவுகளில் தேர்தல் நாளில் விழுந்த வாக்கின் விகிதத்தில் பங்கிடுங்கள்.

நீக்கப்பட்ட திகதி

புதிய எல்லைகள் 2013 அக்டோபர் 5 அன்று பிரகடனமாயின. அன்று தொகுதி மறையவில்லை. பிரகடனத்துக்குப் பின் குறைந்தது ஏழு மாதங்கள் கழிய வேண்டும். அதன்பின் நாடாளுமன்றம் கலைக்கப்படும்போதுதான் புதிய எல்லை உயிர்பெறும். கலைக்கப்பட்டது 2015 ஆகஸ்ட் 2. அதுவரை ராதிகா ஸ்காபரோ—ரூஜ் ரிவரின் உறுப்பினர்தான். பக்கத்து ஸ்காபரோ—ஏஜின்கோர்ட்டில் 2014 ஜூன் 30 அன்று நடந்த இடைத்தேர்தலும் பழைய எல்லையிலேயே நடந்தது.

திரும்பி வந்த பெயர்

ஸ்காபரோ நோர்த் 2015 க்கு முன்பும் மாகாணத் தொகுதியாக இருந்தது. 1985 முதல் 1999 வரை அல்வின் கேர்லிங் அங்கே சட்டமன்ற உறுப்பினர். 1980களின் செய்தித்தாளில் அந்தப் பெயரைக் கண்டால் அது சட்டமன்றத் தொகுதி.

நீண்ட கோடு

தொகுதிப் பெயரில் இரண்டு இடப்பெயர்களைச் சேர்ப்பது நீண்ட கோடு (—). ஒரே இடப்பெயருக்குள் வருவது குறுங்கோடு (-).

"முதல் தமிழர்"

எந்த மன்றத்துக்கு என்று சொல்லாமல் எழுதாதீர்கள். நாடாளுமன்றத்துக்கு ராதிகா, 2011. ஒன்ராறியோ சட்டமன்றத்துக்கு விஜய் தணிகாசலமும் லோகன் கணபதியும், 2018.

ஸ்காபரோ—ரூஜ் பார்க்கை நிகழ்காலத்தில் எழுதுவது

வாரிசுத் தொகுதியும் இப்போது பழங்கதை. 2025 மத்தியத் தேர்தலில் ஸ்காபரோ—ரூஜ் பார்க் இல்லை. கெரி ஆனந்தசங்கரி வென்றது ஸ்காபரோ—கில்ட்வூட்—ரூஜ் பார்க்கில். ஆனால் மாகாணத்தில் ஸ்காபரோ—ரூஜ் பார்க் இருக்கிறது. 2025 பெப்ரவரியில் விஜய் தணிகாசலம் அங்கே மீண்டும் தெரிவானார். பழைய கட்டுரைகளில் "இன்றைய ஸ்காபரோ—ரூஜ் பார்க்" என்று இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் எந்த மன்றம் என்பதைச் சேர்த்துத் திருத்துங்கள்.