எழுத்து திரையில் தெரிகிறது, ஹெடர் மட்டும் எங்கே? லினக்ஸில் கம்பைல் செய்யப் பழகுவோருக்கு

உவர்மலையில் இருக்கும் சித்தியின் மகன் தமிழ் எழுத்தைப் படமாக வரையும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருந்தான். 'கொ' என்ற எழுத்தில் ஒரு கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம். அந்த ஒழுங்கை ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பு) பார்த்துக்கொள்ளும். உருவத்தை ஃப்ரீடைப் என்ற இன்னொரு லைப்ரரி வரையும். கம்பைல் செய்ததும், எஃப்டி2பில்ட்.ஹெச் என்ற ஃப்ரீடைப்பின் ஹெடர் கோப்பே இல்லை என்று பிழை வந்தது.

"அண்ணா, ஃப்ரீடைப் இல்லையென்றால் இந்தத் திரையில் எழுத்துகள் எப்படித் தெரிகின்றன?" என்று கேட்டான். நல்ல கேள்வி. உபுண்டுவிலும் டெபியனிலும் நிரல் ஓடத் தேவையான லைப்ரரி ஒரு பொதி, கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் கோப்புகள் (லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று கம்பைலருக்குச் சொல்பவை) வேறொரு பொதி. அவனிடம் முதலாவது மட்டுமே இருந்தது.

கீழே கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: கோப்பு வட்டில் இருக்கிறதா?

ஃபைண்ட் /யூஎஸ்ஆர் -நேம் எஃப்டி2பில்ட்.ஹெச்

ஒன்றும் வராவிட்டால் பொதியை நிறுவ வேண்டியதுதான்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்ஃப்ரீடைப்-டெவ் லிப்ஹார்ஃப்பஸ்-டெவ் பிகேஜி-கான்ஃபிக்

பெயரின் கடைசியில் வரும் 'டெவ்' தான் ஹெடருக்கு அடையாளம். ஃபெடோராவில் அது 'டெவெல்'.

படி 2: இருந்தும் கிடைக்கவில்லையா?

நிறுவிய பிறகும் அதே பிழை வந்தது. பையன் முகம் வாடிவிட்டது. கோப்பு இப்போது /யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/ஃப்ரீடைப்2 என்ற அடைவில் இருக்கிறது. கம்பைலரோ இன்க்ளூட் அடைவோடு நின்றுவிடும், அதற்குள் இருக்கும் கிளை அடைவுகளைத் துழாவாது. வீதி வரை வந்துவிட்டு ஒழுங்கைக்குள் நுழையாமல் திரும்பும் தபால்காரர் மாதிரி. அது எங்கெங்கே தேடுகிறது என்பதை அதனிடமே கேட்கலாம்:

ஜிசிசி -இ -வி -எக்ஸ் சி /டெவ்/நல்

இதில் 'இ' மட்டும் பெரிய எழுத்து. வரும் பட்டியலை மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் மேலே உள்ள அடைவில் இருப்பதே எடுபடும்.

இந்த இடத்தில் பலர் ஹெடரை /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட் அடைவுக்கு நகலெடுத்துவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். எஃப்டி2பில்ட் தன் பங்குக்கு இன்னொரு ஹெடரைக் கேட்கும், அது மற்றொன்றைக் கேட்கும், நகலெடுத்து முடியாது. முடித்தாலும், லைப்ரரி புதிய பதிப்புக்கு மாறிய பிறகு உங்கள் பழைய நகல்தான் முதலில் அகப்படும். அந்தப் பிழையைத் தேடி ஓர் இரவு முழுவதும் விழித்திருந்திருக்கிறேன்.

படி 3: வழியைச் சொல்லிக் கொடுத்தல்

பெரிய எழுத்து 'ஐ' கொண்ட -ஐ என்ற தெரிவுக்குப் பின்னால் அடைவின் பெயரை ஒட்டி எழுதினால் கம்பைலர் அங்கேயும் தேடும். லைப்ரரியின் பெயரைச் சொல்வது சிறிய எழுத்து 'எல்'. பல எழுத்துருக்களில் இவை இரண்டும் ஒரே கோடாகத்தான் தெரியும், கவனம். கையால் எழுதுவதைவிட, இந்தத் தெரிவுகளைத் தானே எழுதித் தரும் பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவியிடம் விட்டுவிடுவதே எனக்குப் பிடித்த வழி:

ஜிசிசி எழுத்து.சி -ஓ எழுத்து $(பிகேஜி-கான்ஃபிக் --சிஃப்ளாக்ஸ் --லிப்ஸ் ஃப்ரீடைப்2 ஹார்ஃப்பஸ்)

ஹெடர்களின் இடத்தை 'சிஃப்ளாக்ஸ்' தரும், இணைக்க வேண்டிய லைப்ரரிகளை 'லிப்ஸ்' தரும். லைப்ரரிகள் நிரல் கோப்புக்குப் பின்னால் வருவது நல்லது. முன்னால் வைத்தால் சில கணினிகளில் இணைப்புப் பிழை வரும்.

லைப்ரரியை நீங்களே கம்பைல் செய்து வீட்டு அடைவில் வைத்திருந்தால், அதனுள் 'பிசி' என்று முடியும் கோப்பு இருக்கும் அடைவை பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்ற சூழல் மாறியில் எழுதுங்கள். மாறியின் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில். நிரலை ஓட்டும்போது எல்டி_லைப்ரரி_பாத் மாறியும் தேவைப்படலாம், ஏனென்றால் கம்பைலருக்குச் சொன்ன வழி, ஓடும் நிரலுக்குத் தானாகத் தெரியாது.